லூசில் பால்: சினிமா விட்டதை டிவி பிடித்தது எப்படி?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், சரிதானா என்று பாருங்கள். ஹாலிவுட் நடிகை லூசில் பால் 1933-இல் தொடங்கி ஏறக்குறைய பதினெட்டு வருஷம் சினிமாவில் இருந்தார்; முதல் வரிசைக்கு வரவே இல்லை. நாற்பது வயதில் ‘ஐ லவ் லூசி’ என்று ஒரு டிவி தொடர் செய்தார். நாடே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அப்படியானால் சினிமாவில் போணியாகாத ஒருவர், போட்டியே இல்லாத புது இடத்தில் ஜெயித்தார் என்பதுதானே இதன் அர்த்தம் என்று கேட்கிறீர்கள். கூடவே, மூன்று கேமரா வைத்துத் தொடர் எடுக்கும் முறையை அவரும் கணவரும்தான் கண்டுபிடித்தார்கள் என்று படித்தது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பார்வைக்கு இரண்டு கேள்வி. எனக்கு இது ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது.

பதிலுக்குப் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எடிட்டர். மூவியோலாவில் (பிலிமை ஓட்டிப் பார்த்து எடிட் செய்யும் பழைய இயந்திரம்) உதவியாளனாகத் தொடங்கி, பிறகு மூன்று நான்கு கேமராவில் எடுத்த டிவி நிகழ்ச்சிகளை வருஷக்கணக்கில் வெட்டியவன். அதனால் திரையில் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றி என்னால் தைரியமாகப் பேச முடியும். அவருடைய கணக்குவழக்கு, ஒப்பந்தம், குடும்பம் பற்றிச் சொல்வதெல்லாம் படித்ததுதான். அதில் சம்பந்தப்பட்டவர்களே ஆளுக்கொரு மாதிரி சொன்ன விஷயங்கள் உண்டு. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

லூசில் பால் பிறந்தது 1911 ஆகஸ்ட் 6, நியூயார்க் மாநிலத்தில் ஜேம்ஸ்டவுன் என்ற ஊரில். மூன்று வயதில் அப்பா டைபாய்டு காய்ச்சலில் போய்விட்டார். பதினைந்து வயதில் நியூயார்க் நகரத்து நாடகப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். பெண்ணுக்குக் கூச்சம் அதிகம், பணத்தை வீணாக்க வேண்டாம் என்று அம்மாவுக்கு எழுதி அனுப்பிவிட்டார்கள். பிறகு துணிக்கடை மாடல், சிகரெட் விளம்பரப் பெண். 1933-இல் சாமுவேல் கோல்ட்வின் எடுத்த ‘ரோமன் ஸ்கேண்டல்ஸ்’ படத்துக்குக் கூட்டத்தோடு ஆடும் பெண்கள் தேவைப்பட்டார்கள். வர வேண்டிய ஒரு பெண் கடைசி நேரத்தில் வராமல் போக, அந்த இடம் இவருக்குக் கிடைத்தது. சில வாரத்து வேலை என்று கலிபோர்னியா போனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

அதற்கப்புறம் வந்த பதினெட்டு வருஷத்தைத்தான் ‘தோல்வி’ என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடுகிறார்கள். பெயர் போடாத துண்டு வேடங்களையும் சேர்த்தால் அந்தக் காலத்தில் அவர் நடித்த படங்கள் அறுபதைத் தாண்டும். ஆர்கேஓ ஸ்டுடியோவில் ஒப்பந்தச் சம்பளத்துக்கு இருந்தார். அங்கே நடிகை ஜிஞ்சர் ராஜர்ஸின் அம்மா லீலா ராஜர்ஸ் இளம் நடிகர்களுக்கு வகுப்பு எடுத்தார். அதில் ஒழுங்காக உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்களில் லூசில் ஒருவர். 1937-இல் ‘ஸ்டேஜ் டோர்’ படத்தில் கேதரின் ஹெப்பர்ன், ஜிஞ்சர் ராஜர்ஸ் என்ற இரண்டு மலைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, நாக்கில் கத்தி வைத்தாற்போல் பேசிவிட்டுப் போவார். 1940-இல் டாரதி ஆர்ஸ்னர் இயக்கிய ‘டான்ஸ், கேர்ள், டான்ஸ்’ படத்தில் மலிவான ஆட்டக்காரியாக வருகிறார். நிஜக் கதாநாயகியைவிட இவரைத்தான் கண் தேடும். 1942-இல் ‘தி பிக் ஸ்ட்ரீட்’. ஹென்றி ஃபோண்டாவுக்கு ஜோடி. கால் செயலிழந்த, ஆணவம் பிடித்த, எளிதில் மனசு இளகாத பாடகி வேடம். சினிமாவில் தான் செய்ததிலேயே நல்ல நடிப்பு அதுதான் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனக்கும் அதில் மறுப்பு இல்லை. சுமாரான நடிகையால் அந்த வேடத்தைச் செய்ய முடியாது.

அப்படியிருந்தும் ஏன் மேலே வரவில்லை? ஸ்டுடியோக்களுக்கு அவரை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியவில்லை. அழகாக இருந்தார், அதனால் அழகுப் பதுமையாக நிறுத்தினார்கள். வாய்த்துடுக்காகப் பேச வந்தது, அதனால் கதாநாயகியின் தோழியாக்கினார்கள். 1942-இல் எம்ஜிஎம் ஸ்டுடியோ எடுத்துக்கொண்டது. சிட்னி கிலாராஃப் என்ற சிகையலங்காரக் கலைஞர் தலைமுடிக்கு அந்த ஆரஞ்சுச் சிவப்பு சாயம் ஏற்றியது அங்கேதான். டெக்னிகலர் வண்ணப் படத்தில் பளிச்சென்று இருக்கும் என்று செய்தது. பிறகு கறுப்பு வெள்ளை டிவியில் வருஷக்கணக்காக வந்தபோதும் ஊருக்கெல்லாம் அவர் ‘செம்பட்டைமுடி லூசி’தான். நிறமே தெரியாத திரையில் ஒருவரை எல்லாரும் நிறம் வைத்து அடையாளம் சொன்னது எனக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கிறது.

எம்ஜிஎம் வேறொன்றும் கொடுத்தது. பஸ்டர் கீட்டன் அப்போது அங்கே குறைந்த சம்பளத்துக்கு நகைச்சுவை யோசனை சொல்பவராக உட்கார்ந்திருந்தார். மௌனப் பட காலத்து மேதை, அவரைக் கேட்க ஆள் இல்லை. அவரும் எட்வர்ட் செட்ஜ்விக் என்ற பழைய இயக்குநரும் லூசிலைப் பார்த்ததும் இந்தப் பெண்ணிடம் உடம்பால் சிரிக்கவைக்கும் சமாசாரம் இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள். பொருட்களை எப்படிக் கையாள்வது என்று கீட்டன் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாற்காலியோ தொப்பியோ சிரிப்பு தர வேண்டுமென்றால், கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வைக்கும் அளவுக்கு அது முதலில் கைக்குப் பழகியிருக்க வேண்டும். அப்போதுதான் அது கைநழுவுகிற மாதிரி நடிக்க முடியும். 1946-இல் வந்த ‘ஈஸி டு வெட்’ படத்தில் லூசில் குடித்துவிட்டு உளறும் காட்சி ஒன்று உண்டு. படத்தில் நினைவில் நிற்பது அதுதான். ஆனால் அது கதைக்கு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரம் விளையாடவிட்டு, உடனே கதாநாயகன் கதாநாயகியிடம் படம் ஓடிப்போய்விடுகிறது.

என் தொழில் கண்ணுக்குப் படுகிற காரணம் இங்கேதான் இருக்கிறது. லூசிலின் நகைச்சுவை நேரம் கேட்கும் நகைச்சுவை. அவர் ஒரு வசனத்தில் சிரிக்கவைப்பவர் அல்ல. ஒரு சங்கடம் சின்னதாக ஆரம்பிக்க வேண்டும், அதை மறைக்க அவர் ஒன்று செய்ய வேண்டும், அது சங்கடத்தை இரண்டு மடங்காக்க வேண்டும், அப்படியே மூன்று நான்கு நிமிஷம் ஏறிக்கொண்டே போக வேண்டும். அந்தக் காலத்து ஸ்டுடியோ படத்தில் ஒரு கேமராதான். முதலில் முழுக் காட்சி எடுப்பார்கள். பிறகு நிறுத்தி, விளக்கை மாற்றி, குளோசப் எடுப்பார்கள். பிறகு எதிரில் இருப்பவரின் முகம். ஒரே சிரிப்பை அரை நாளைக்குப் பல துண்டாக நடிக்க வேண்டும். எதிரில் சிரிக்க ஒருவரும் கிடையாது. அதில் மின்னுகிறவர்கள் உண்டு. லூசில் வகையறா சூடு ஏற ஏற வேலை செய்பவர்கள். அவர்களைத் துண்டு போட்டால் சூடு போய்விடும். இது என் கருத்து, ஆவணத்தில் உள்ள செய்தி இல்லை. ஆனால் இரண்டு வகைக் காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அந்தச் சூடு முதலில் கிடைத்தது ரேடியோவில். 1948 முதல் 1951 வரை சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் வானொலியில் ‘மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்’ என்ற தொடரில் நடித்தார். எதிரே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஜெஸ் ஓப்பன்ஹைமர் தயாரித்து எழுதினார்; கூட எழுதியவர்கள் மேடலின் பியூ, பாப் கேரல் என்ற இளம் ஜோடி. ரேடியோதானே என்று ஆரம்பத்தில் காகிதத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தாராம். ஓப்பன்ஹைமர் அவருக்கு நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னியின் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்து, போய் அவர் ஜனங்களை எப்படிப் பார்க்கிறார் என்று கவனி என்று அனுப்பினார். திரும்பி வந்தவர் மைக் முன்னால் முகத்தைக் கோணி, கையை ஆட்டி, உடம்போடு நடிக்க ஆரம்பித்தார். கேட்கிறவர்களுக்கு அது தெரியாது. ஆனால் அரங்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு ரேடியோவில் கேட்டது.

இதை டிவிக்குக் கொண்டுவரலாம் என்று சிபிஎஸ் சொன்னபோது லூசில் ஒரு நிபந்தனை வைத்தார்: கணவனாக நடிப்பது என் கணவர்தான். டெசி ஆர்னாஸ் கியூபாவில் பிறந்தவர், பேண்டு வாத்தியக் குழு நடத்தியவர். 1940-இல் ஒரு படத்தில் சந்தித்து, அதே வருஷம் நவம்பரில் கல்யாணம். அப்புறம் டெசி ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போக, இவர் ஹாலிவுட்டில் படப்பிடிப்புக்குப் போக, சேர்ந்து இருந்த நாளை விரல்விட்டு எண்ணலாம். ஒரே வேலை செய்தால் ஒரே வீட்டில் இருக்கலாம் என்பதுதான் கணக்கு. ஸ்பானிஷ் வாடையோடு ஆங்கிலம் பேசும் கியூபாக்காரரை அமெரிக்கப் பெண்ணின் கணவனாக ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்று சிபிஎஸ் தயங்கியது. 1950 கோடையில் இருவரும் ஒரு மேடை நிகழ்ச்சியைத் தயார் செய்து ஊர் ஊராகப் போனார்கள். தந்திர வேலைப்பாடுகள் நிறைந்த ஒரு செல்லோவை (பெரிய வயலின் மாதிரி வாத்தியம்) வைத்துக்கொண்டு லூசில் செய்யும் கோமாளித்தனம் அதில் முக்கியம்; பெப்பிட்டோ என்ற ஸ்பானிஷ் கோமாளி அதற்குப் பயிற்சி கொடுத்தார். ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். 1951 மார்ச்சில் எடுத்த சோதனைப் படத்திலும் அந்தச் செல்லோ வந்தது.

இப்போது மூன்று கேமரா. அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. பல பிலிம் கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு டிவிக்கு எடுப்பது அதற்கு முன்பே நடந்தது. ரால்ஃப் எட்வர்ட்ஸ் நடத்திய ‘ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ்’ என்ற விளையாட்டு நிகழ்ச்சியைப் பார்வையாளர் முன்னால் அப்படித்தான் எடுத்தார்கள். அதில் வேலை செய்த ஆல் சைமனைத்தான் டெசி கூட்டி வந்தார். அவர்கள் செய்தது, அந்த முறையை ஒரு கதைக்கு, செட்டும் சமையலறையும் கதவும் உள்ள நாடகத்துக்கு, முழுத் தரத்தோடு பொருத்தியது. அதுவும் ஆசைப்பட்டுச் செய்யவில்லை. அன்றைய டிவி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயார்க்கில் இருந்து நேரலையாகப் போகும். நாட்டின் மேற்குக் கரைக்கு அனுப்ப, டிவி திரையையே பிலிமில் படம் பிடிப்பார்கள்; அதற்குக் கினஸ்கோப் என்று பெயர். மங்கலாக, சாம்பல் பூசிய மாதிரி இருக்கும். லூசிலும் டெசியும் கலிபோர்னியாவை விட்டு வரமாட்டோம் என்றார்கள். விளம்பரம் கொடுத்த பிலிப் மாரிஸ் சிகரெட் கம்பெனியோ, ஜனம் அதிகமுள்ள கிழக்குக் கரை மங்கல் படத்தைப் பார்க்கச் சம்மதிக்கவில்லை. இரண்டு பக்கமும் பிடிவாதம். நடுவில் இருந்த ஒரே வழி 35 மில்லிமீட்டர் பிலிம். லூசிலுக்கோ எதிரே ஜனம் வேண்டும். ஆக, சினிமாக் கேமரா, நாடக மேடை, ரேடியோப் பார்வையாளர் மூன்றும் ஒரே கொட்டகையில் வந்தாக வேண்டும்.

ஹாலிவுட்டில் ஜெனரல் சர்வீஸ் ஸ்டுடியோவின் இரண்டாம் தளத்தை எடுத்து, ஏறக்குறைய 300 பேர் உட்காரப் படிவரிசை போட்டார்கள். தீயணைப்பு விதிக்காகத் தெருப் பக்கம் தனி வாசல் திறந்தார்கள். ஒளிப்பதிவுக்கு வந்தவர் கார்ல் ஃப்ராயண்ட். ஜெர்மனியில் ‘மெட்ரோபோலிஸ்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர்களில் ஒருவர், ஹாலிவுட்டில் ஆஸ்கார் வாங்கியவர். ஒரே விளக்கமைப்பில் முழுக் காட்சியும் குளோசப்பும் எடுப்பது முடியாத காரியம் என்றுதான் அவர் முதலில் சொன்னார் என்பது டெசியின் கதை. கடைசியில் ஃப்ராயண்ட் விளக்குகளைத் தரையில் இருந்து தூக்கி மேலே கொண்டுபோனார். எங்கே நின்றாலும் ஒரே அளவு வெளிச்சம். சுவர், மேஜை, நாற்காலி எல்லாவற்றுக்கும் சாம்பலின் பல சாயல்கள். தரை காலியாக இருப்பதால் மூன்று கேமராக்களும் வண்டியில் ஓசையில்லாமல் நகரலாம். நடுக் கேமரா முழுக் காட்சி, இரண்டு பக்கக் கேமராக்கள் நெருக்கம். வாரம் பூராவும் ஒத்திகை, ஒரு ராத்திரி படப்பிடிப்பு, நாடகம் மாதிரி முதலில் இருந்து கடைசிவரை வரிசையாக.

இதையெல்லாம் வெட்டிய டான் கான் என்ற எடிட்டரிடம் எனக்குத் தனிப் பாசம். மூன்று படச்சுருளும் ஒரு ஒலிச்சுருளும் ஒன்றாக ஓடும் ஒரு மூவியோலாவை அவருக்கு வாங்கிக் கொடுத்தார்கள். அதைக் கண்டதும் பயந்து ‘மூன்று தலை ராட்சதன்’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஒற்றைத் தலை மூவியோலாவில் பிலிம் அறுந்து முகத்தில் அடித்த அனுபவம் எனக்கே உண்டு. அதனால் அந்தப் பயம் புரிகிறது. ஆனால் பாருங்கள், அந்த ராட்சதன்தான் லூசிலைக் காப்பாற்றியது. மூன்று கேமராவிலும் இருப்பது ஒரே நடிப்பு, ஒரே நொடி. எங்கே வெட்டினாலும் கை இருந்த இடத்தில் இருக்கும், கண் இருந்த இடத்தில் இருக்கும், சிரிப்பு அறுபடாது. சினிமா அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட அந்தத் தொடர்ச்சியை இந்த முறை திருப்பிக் கொடுத்தது. அதனால்தான் உங்கள் இரண்டு கேள்வியும் ஒன்று என்றேன்.

ஒரு காட்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1952 செப்டம்பர் 15-இல் ஒளிபரப்பான ‘ஜாப் ஸ்விட்சிங்’. லூசியும் பக்கத்துவீட்டு எத்தலும் சாக்லேட் கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறார்கள். எத்தலாக வரும் விவியன் வான்ஸ் சாதாரண ஆள் இல்லை; அவர் முகத்தில் ஓடும் பயம் பாதி சிரிப்பைத் தூக்குகிறது. ஓடும் பட்டையில் சாக்லேட் வரும், காகிதம் சுற்றிவிட வேண்டும், ஒன்று சுற்றாமல் தப்பினாலும் வேலை போய்விடும் என்று மேற்பார்வைக்காரி சொல்லிவிட்டுப் போகிறார். முதலில் மெதுவாக வருகிறது. இருவரும் இது ஒன்றும் கஷ்டமில்லை என்கிறார்கள். பட்டை வேகம் பிடிக்கிறது. சுற்ற முடியாததை லூசி வாயில் போடுகிறார், பிறகு தொப்பிக்குள், பிறகு சட்டைக்குள். மேற்பார்வைக்காரி திரும்பி வந்து பட்டை காலியாக இருப்பதைப் பார்த்து மெச்சிவிட்டு, இன்னும் வேகமாக விடச் சொல்கிறார். கீட்டன் கற்றுக்கொடுத்தது இங்கே முழுசாக இருக்கிறது. பயத்தில் கண் பிதுங்குகிறது. கை மட்டும் கணக்குத் தவறவில்லை. அதே பகுதியில் சாக்லேட் தோய்க்கும் காட்சியில் வரும் இன்னொரு பெண்மணி நடிகை இல்லை, அந்த வேலையை நிஜமாகவே செய்தவர். லூசியைக் கன்னத்தில் அறைய வேண்டிய இடத்தில் நிஜமாகவே அறைந்துவிட்டார். லூசி திடுக்கிடுவதைப் பாருங்கள். வேடத்தைவிட்டு வெளியே வரவில்லை. எடிட்டருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் இதெல்லாம் அங்கேயே தோன்றிய கூத்து என்று நினைத்துவிடாதீர்கள். லூசில் மேடையில் சொந்தமாக ஒன்றும் சேர்க்கமாட்டார். மேடலின் பியூவும் பாப் கேரலும் ஒவ்வொரு அசைவையும் எழுதிக் கொடுத்தார்கள். வசனத்தோடு கலக்காமல் இருக்க அந்தக் குறிப்புகளைப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்வார்கள், அதற்குக் ‘கறுப்புச் சமாசாரம்’ என்று ஒரு பட்டப்பெயர். ஒரு பெண்ணால் செய்ய முடிகிற காரியமா என்று பார்க்க பியூ அலுவலகத்திலேயே தானே செய்து பார்ப்பாராம். தன் எழுத்தாளர்கள் இல்லாவிட்டால் தான் இல்லை என்று லூசில் கடைசிவரை சொன்னார். அது தன்னடக்கம் மட்டும் இல்லை, தொழில் உண்மை.

தொடர் 1951 அக்டோபர் 15-இல் தொடங்கி 1957 வரை 180 பகுதிகள் ஓடியது. 1952-இல் லூசில் மறுபடி கர்ப்பமானபோது அதையே கதையாக்கினார்கள். கர்ப்பம் என்ற வார்த்தையை வசனத்தில் சொல்லக் கூடாது என்று சிபிஎஸ் தடுத்தது. பாதிரியார்களும் ஒரு யூத குருவும் எழுத்தைப் படித்துப் பார்த்துச் சம்மதம் சொன்னார்கள். 1953 ஜனவரி 19 அன்று, அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்த லூசிலுக்கு மகன் பிறந்தான். அன்று ராத்திரி, முன்பே எடுத்து வைத்திருந்த பகுதியில் டிவி லூசிக்கும் மகன் பிறந்தான். சுமார் 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் அதிபராகப் பதவி ஏற்றதை அவ்வளவு பேர் பார்க்கவில்லை.

அதே வருஷம் செப்டம்பரில் எல்லாம் கவிழ்ந்துவிடப் பார்த்தது. 1936-இல் வாக்காளர் பதிவில் தன்னைக் கம்யூனிஸ்ட் கட்சி என்று குறித்திருந்தார். அந்தக் காகிதம் வெளியே வந்தது. சோஷலிசத்தில் ஊறிய தாத்தாவின் மனம் கோணக் கூடாது என்று செய்தேன் என்று, கம்யூனிஸ்டுகளைத் தேடிய நாடாளுமன்ற விசாரணைக் குழுவிடம் சொல்லியிருந்தார். பலருடைய பிழைப்பு அதைவிடச் சின்ன விஷயத்துக்கே அந்த வருஷங்களில் அழிந்தது. அந்த வாரப் படப்பிடிப்புக்கு முன் டெசி பார்வையாளர் முன்னால் வந்து, லூசியிடம் சிவப்பாக இருப்பது தலைமுடி ஒன்றுதான், அதுவும் நிஜமில்லை என்றார். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் தப்பியது அந்த ஒரு நகைச்சுவையாலா, இல்லை அவரை விட்டுவிட்டால் சிபிஎஸ்ஸுக்கும் சிகரெட் கம்பெனிக்கும் எவ்வளவு நஷ்டம் என்ற கணக்காலா? நான் இரண்டாவதைத்தான் நம்புவேன்.

இப்போது சந்தேகத்துக்குரியவை. பிலிமில் எடுத்தால் செலவு கூடும் என்றதும் லூசிலும் டெசியும் சம்பளத்தில் வாரம் 1,000 டாலர் குறைத்துக்கொண்டு, பதிலுக்குப் படச்சுருள்களின் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள் என்பது பிரபலமான கதை. இது டெசி சொன்னபடி. உரிமை அவர்களுடைய டெசிலு கம்பெனிக்கு வந்தது உறுதி. பேரம் நடந்த விதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. மறுஒளிபரப்பையே அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்பது மிகை. பிலிம் கையில் இருந்ததால் அது பெரிய வியாபாரமானது என்பது மட்டும் சரி. அந்த உரிமையால் அவர்கள் ஆயுள் முழுக்கச் சம்பாதித்தார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில் ஐம்பதுகளின் பின்பாதியில் அதைப் பல லட்சம் டாலருக்குச் சிபிஎஸ்ஸுக்கே விற்றுவிட்டார்கள். பல் அடைப்பில் ரேடியோ கேட்டு ஜப்பானிய உளவாளியைப் பிடித்துக் கொடுத்தேன் என்று லூசிலே சொன்ன கதை கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். விவியன் வான்ஸ் எடை குறையக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டார்கள் என்பதும் விளையாட்டுக்கு எழுதிக் கொடுத்த காகிதத்தில் இருந்து கிளம்பியது என்றுதான் தெரிகிறது.

விற்ற பிறகு நடந்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். 1957 கடைசியில் டெசிலு, ஆர்கேஓ ஸ்டுடியோவை 60 லட்சம் டாலருக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கியது. எந்த வளாகத்தில் ஒப்பந்தச் சம்பளத்துக்கு நின்றாரோ, அந்த வளாகம். 1960-இல் இருவரும் பிரிந்தார்கள். 1962-இல் டெசியின் பங்கையும் வாங்கி லூசில் தனியாகத் தலைமை ஏற்றார். ஹாலிவுட்டில் ஸ்டுடியோ நடத்திய முதல் பெண் என்று எழுதுவார்கள். மௌனப் பட காலத்தில் நடிகை மேரி பிக்ஃபோர்ட் யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் படக் கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவர் என்பதை நினைத்தால், ‘முதல்’ என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் காலத்தில்தான் ‘ஸ்டார் ட்ரெக்’கும் ‘மிஷன்: இம்பாசிபிள்’ தொடரும் அங்கே உருவாயின. செலவைப் பார்த்துக் கம்பெனிக் குழு ‘ஸ்டார் ட்ரெக்’ வேண்டாம் என்றபோது லூசில் சரி என்றார் என்பது அங்கே வேலை பார்த்தவர்களின் நினைவு. அவர் கையெழுத்து இல்லாமல் நடந்திருக்காது என்ற அளவில் நம்பலாம். விண்வெளிக் கதையில் அவருக்கு ஈடுபாடு இருந்தது என்று நீட்ட வேண்டாம். 1967-இல் கம்பெனியை 1.7 கோடி டாலருக்கு கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் என்ற பெரிய நிறுவனத்துக்கு விற்றார்.

பிந்திய தொடர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவற்றில் எனக்கு மனம் ஒட்டவில்லை. ‘தி லூசி ஷோ’, ‘ஹியர்ஸ் லூசி’ என்று 1974 வரை டிவியில் இருந்தார், பார்த்தவர்களும் ஏராளம், டிவிக்கான எம்மி விருதுகளும் வந்தன. ஆனால் முதல் லூசிக்கு ஒரு பசி உண்டு: கணவனைப் போல மேடையேற வேண்டும், அவன் விடமாட்டான். அந்தப் பசிதான் அவரைச் சாக்லேட் பட்டை முன்னாலும் திராட்சைத் தொட்டிக்குள்ளும் கொண்டுபோய் நிறுத்தியது. பிறகு வந்த லூசிகளுக்குத் தந்திரம் இருந்தது, பசி இல்லை. 1974-இல் ‘மேம்’ படத்துக்கு விமர்சகர்கள் விட்டுவைக்கவில்லை. 1986-இல் ‘லைஃப் வித் லூசி’ எட்டே பகுதியோடு நின்றது. எழுபத்தைந்து வயது அம்மாள் ஏணியில் ஏறினால் ஜனத்துக்குச் சிரிப்பு வராது, எங்கே விழுந்துவிடுவாரோ என்று பதற்றம்தான் வரும். 1989 ஏப்ரல் 26-இல் காலமானார்.

நீங்களே பார்த்து முடிவு செய்ய ஆசைப்பட்டால் ஒரு வழி சொல்கிறேன். ‘ஈஸி டு வெட்’ படத்தின் குடிகாரக் காட்சியை முதலில் பாருங்கள். உடனே 1952-இல் வந்த ‘லூசி டஸ் எ டிவி கமர்ஷியல்’ பகுதியைப் போடுங்கள். ஆல்கஹால் கலந்த டானிக்கை விளம்பரத்துக்காக மறுபடி மறுபடி குடித்து, அதே வசனத்தை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகக் குழறுவார். இரண்டிலும் எத்தனை கட் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். அப்புறம் மற்ற பகுதிகளையும் பாருங்கள், இந்தத் தடவை காதைத் தீட்டிக்கொண்டு. லூசி ஏதோ வம்பில் காலை வைக்கப் போகிற நேரம், பார்வையாளர் பக்கமிருந்து ஒரு பெண்குரல் ‘அய்யய்யோ’ என்கிற தொனியில் ‘ஓ ஓ’ என்று இழுப்பது சில பகுதிகளில் கேட்கும். படப்பிடிப்புக்கெல்லாம் தவறாமல் வந்து உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவின் குரல் அது.